இதயத்திற்கு வேண்டுவது ஓய்வா, உழைப்பா?

மனிதனுடைய இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 தடவை துடிக்கிறது. நாம் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. இவ்வாறு ஓயாது உழைக்கும் உறுப்பு ஒருநாள் தளர்ந்துவிட்டால் நாம் செய்யத்தக்கது யாது? அதற்கு முழு ஓய்வு கொடுப்பதா? அன்றி, அளவறிந்து மேலும் உழைக்கப் பழக்குவதா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் தடுமாறிற்று. விடை கிடைத்துவிட்டது என்று எண்ணிய வேளையில், மார்புக்குள் பொருத்தும் மின்கருவிகள் வந்து அதே வினாவைப் புதிதாக எழுப்பின. அந்த வரலாற்றைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், இதில் ஆசிரியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது எவ்வாறு என்பது போகப் போக விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். நடக்கும்போது மார்பை இறுக்கி, நின்றவுடன் நீங்கும் நெஞ்சுவலியைத் தெளிவாக வருணித்து 1772ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவர். அவர் எழுதிவைத்த குறிப்புகளில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அவருக்குத் தெரிந்த நோயாளி ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அவருடைய நோய் பெரும்பாலும் நீங்கிற்று. இதய நோயாளிக்கு உடலுழைப்பு மருந்தாகலாம் என்பதற்குக் கிடைத்த பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. ஆனால் அதை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே உலகம் கொண்டது போலும்.

பின்வந்த காலம் வேறு வழியில் சென்றது. 1912ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் திடீரென அடைபடுவதே மாரடைப்பு என்பதை விளக்கினார். நோயாளி படுக்கையில் அசையாது பல நாள் கிடக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். பின்னர், இறந்துபட்ட இதயத் தசை தழும்பாக மாறி உறுதிபெற ஆறு வாரம் போல ஆகும் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். தழும்பு உறுதிபெறும் முன் நோயாளி எழுந்தால் இதயம் கிழிந்துவிடுமே என்று மருத்துவர் அஞ்சினர். ஆகவே ஆறு வாரம், எட்டு வாரம் என்று படுக்கை நீண்டது. தானே உணவெடுத்து உண்பதும், புரண்டு படுப்பதுங்கூடச் சிலருக்கு மறுக்கப்பட்டன. செவிலியர் ஊட்டினர், செவிலியரே துடைத்தனர். நோயாளியோ கூரையைப் பார்த்தபடி, தன் இதயம் எப்போது நின்றுவிடுமோ என்று எண்ணிக் கிடந்தார்.

இந்தப் பழக்கம் இரக்கத்தால் பிறந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் இரக்கம் மட்டும் மருத்துவமாகிவிடாது. அசையாது கிடந்த கால்களில் இரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தபோது, மாரடைப்பில் பிழைத்தவர் படுக்கையால் மாண்டார். எஞ்சியவர்களோ தசை மெலிந்து, மனமும் சோர்ந்து, பிறர் கையை நம்பி வாழலாயினர்.

இந்நிலையை முதலில் அசைத்தவர்கள் பாஸ்டன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவின், பெர்னார்டு லவுன் ஆகிய இருவர். மாரடைப்பு நோயாளரை முதல் வாரத்திலேயே படுக்கையிலிருந்து எடுத்துச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினார்கள். கால்கள் தொங்கியிருந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், அதன் சுமையும் குறையும் என்பது அவர்கள் காட்டிய காரணம். 81 நோயாளரிடம் இம்முறையைக் கையாண்டு, 1952ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அஞ்சியபடி எவருடைய இதயமும் நாற்காலியால் கிழிந்துவிடவில்லை. நோயாளர் முகத்தில் தெளிவுதான் வந்தது.

அடுத்த ஆண்டில் இலண்டனிலிருந்து மற்றொரு சான்று வந்தது. ஜெரி மாரிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அந்நகரின் இரட்டைமாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காகப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர். இருவரும் ஒரே பேருந்தில் ஒரே புகையைத்தான் சுவாசித்தனர். ஆயினும் நடத்துநருக்கு மாரடைப்புக் குறைவாகவும், வந்தாலும் கடுமை தணிந்ததாகவும் இருப்பதை 1953ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார்.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனிக்க அழைக்கப்பட்ட மருத்துவர் பால் டட்லி ஒயிட் என்பவர், தாமே நடையையும் மிதிவண்டியையும் விரும்பியவர். அளவான உடலுழைப்பு இதயத்துக்கு நன்மை என்று கூறிவந்தவர். தலைவர் மெல்ல மெல்ல நடந்தார், பணிக்குத் திரும்பினார், 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் மீண்டும் வென்றார். மாரடைப்பு வந்தால் வாழ்வு முடிந்தது என்று எண்ணியிருந்த மக்களுக்கு இஃது ஒரு பெரும் பாடமாயிற்று.

படுக்கையின் தீமையை எண்ணிக்கையால் அளந்து காட்டியவர்கள் டாலஸ் நகர ஆராய்ச்சியாளர்கள். 1966ஆம் ஆண்டில், நோயற்ற ஐந்து இளைஞரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். உடல் கடுமையாக உழைக்கையில் எவ்வளவு உயிர்க்காற்றைப் பயன்படுத்தவல்லது என்பதே உடல்திறனின் அளவுகோல். அத்திறன் அவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களிடம் செய்த குறைவைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த குறைவே மிகுதி என்று தெரிந்தது. மாணவர்களே, இருபது வயது இளைஞருக்கே இந்நிலை என்றால், அறுபது வயது நோயாளரின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வாறு படுக்கைக் கொள்கை தளர்ந்துவந்த அதே ஆண்டுகளில், மருத்துவத்தின் மற்றொரு கிளை வியத்தகு முறையில் வளர்ந்தது. அதை உணர இதயத்தின் இயல்பைச் சிறிது அறிய வேண்டும். இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுமுடிச்சு உண்டு. அது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு கீழறைகளுக்குப் பரவி இதயத்தைச் சுருங்கச் செய்கிறது. இவ்வழி தடைப்பட்டால் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும். நோயாளி திடீரென மயங்கி விழுவார். இதற்கு மாறாக, கீழறைகளில் மின்துடிப்பு கட்டுக்கடங்காமல் கிளம்பினால் இதயம் வீணே படபடக்கும், இரத்தம் வெளியேறாது, சில நிமிடங்களில் உயிர் பிரியும். முன்னதற்குக் கண்ட கருவியே பேஸ்மேக்கர் எனப்படும் துடிப்புக் கருவி. பின்னதற்குக் கண்டது ஐ.சி.டி. என்று மருத்துவமனைகளில் வழங்கும் அதிர்ச்சிக் கருவி.

1952ஆம் ஆண்டில் பாஸ்டன் மருத்துவர் பால் சோல், மார்பின் வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி, தளர்ந்த இதயத்தைத் துடிக்கச் செய்தார். உயிர் பிழைத்தது, ஆனால் நோயாளிக்கு ஒவ்வொரு துடிப்பும் வலியாயிற்று. அக்காலத்துக் கருவிகள் சுவரிலுள்ள மின்இணைப்பை நம்பியவை; மின்கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவே நோயாளியின் உலகம். 1957ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அங்கே வால்டன் லில்லஹெய் என்னும் அறுவை மருத்துவரின் கவனிப்பில் பல குழந்தைகள் இத்தகைய கருவியை நம்பியிருந்தனர். மின்கலத்தால் இயங்கும் கருவி ஒன்றைச் செய்து தருமாறு அவர் ஏர்ல் பாக்கன் என்னும் பொறியாளரைக் கேட்டார். இசை பயில்வோர் தாளம் காக்கப் பயன்படுத்தும் கருவிக்குரிய மின்சுற்று ஒன்றைப் பாக்கன் பத்திரிகையில் கண்டிருந்தார். அதையே திருத்திச் சில வாரங்களில் ஒரு சிறு பெட்டியைச் செய்துவிட்டார். குழந்தைகள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தனர்.

கருவியை உடலுக்குள்ளேயே வைக்கும் முயற்சி சுவீடன் நாட்டில் நிறைவேறிற்று. ஆர்னே லார்சன் என்னும் 43 வயதினர் நாள்தோறும் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்சு மரியே, அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடாது வற்புறுத்தினார். எல்ம்க்விஸ்ட் காலணி மெருகுப் பசை வரும் வட்டத் தகரப் பெட்டியையே அச்சாகக் கொண்டு பிசினை வார்த்துக் கருவியை அமைத்தார். 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் அது பொருத்தப்பட்டது. சில மணி நேரத்தில் பழுதாயிற்று, மற்றொன்று பொருத்தினர். அதன்பின் தம் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளைக் கண்ட லார்சன், 2001ஆம் ஆண்டில் தம் 86ஆம் வயதில் வேறொரு நோயால் காலமானார். தமக்குக் கருவி செய்தவரும், அதைப் பொருத்தியவரும் மறைந்த பின்னரும் அவர் வாழ்ந்திருந்தார்!

எனினும் தொடக்கக் காலக் கருவிகளுக்கு ஒரு குறை இருந்தது. அவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 என்று எந்நேரமும் ஒரே வேகத்தில் துடித்தன. நல்ல இதயம் படி ஏறுகையில் விரையும், அமர்கையில் தணியும். கருவிக்கோ படியும் தெரியாது, பாயும் தெரியாது. ஆகவே நோயாளி சற்று வேகமாக நடந்தாலும் மூச்சு வாங்கிற்று. 1980களில், உடல் அசைவதை உணர்ந்து வேகத்தைத் தானே கூட்டும் கருவிகள் பரவின. அவற்றை ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி அமைக்க வேண்டுமானால், அவர் நடக்கும்போது இதயம் எவ்வாறு துடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இவ்விதமாக நடைப்பயிற்சியும் கருவியும் ஒன்றையொன்று நாடலாயின.

அதிர்ச்சிக் கருவியின் வரலாறு ஒரு துயரத்தில் தொடங்குகிறது. போலந்தில் பிறந்து, போரில் குடும்பத்தை இழந்தவர் மிசேல் மிரோவ்ஸ்கி. அவர் இஸ்ரேலில் பணியாற்றியபோது, அவர் பெரிதும் மதித்த மூத்த மருத்துவர் ஹாரி ஹெல்லர் இதயத் துடிப்புக் கோளாற்றால் 1966ஆம் ஆண்டில் இறந்தார். இத்தகையோரை எந்நேரமும் காக்கும் கருவியை மார்புக்குள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி எண்ணினார். பால்டிமோர் நகருக்குச் சென்று, மார்ட்டன் மோவர் என்பவருடன் சேர்ந்து உழைத்தார். அறிஞர் பலர் ஏற்கவில்லை. நோயாளரை நாற்காலியில் அமர்த்திய அதே பெர்னார்டு லவுன், 1972ஆம் ஆண்டில் இக்கருவியின் தேவையையே மறுத்து எழுதினார். ஒரு துறையில் துணிவாக வழிகாட்டியவர் மற்றொரு துறையில் ஐயுறுவதும் வரலாற்றில் இயல்பே. 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், லீவை வாட்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர் முதல் கருவியை மனித உடலில் பொருத்தினார். 1985ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

உயிர் காக்கும் கருவி கிடைத்துவிட்டது. அத்துடன் இன்னல் தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் பழைய வினா புது வடிவில் எழுந்தது. கருவி அதிர்ச்சி கொடுக்கும்போது, குதிரை மார்பில் உதைத்தாற்போல் இருந்தது என்று நோயாளர் பலர் கூறுவர். அதிர்ச்சி எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. வேகமாக நடந்தால் இதயம் விரையும்; இதயம் விரைந்தால் கருவி அதை நோயென்று மயங்கி அடித்துவிடுமோ என்று அஞ்சினர். மருத்துவர்க்கும் அதே ஐயம் இருந்தது. இயல்பான விரைவை நோயென்று தவறாகக் கொண்டு கருவி அதிர்ச்சி தந்ததும் உண்டு. ஆகவே கருவி பொருத்தியவர்கள் படியை விட்டனர், கடைத்தெருவை விட்டனர், சிலர் வீட்டு வாயிலையே விட்டனர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. ஹெரிக்கின் காலத்தில் மருத்துவர் விதித்த படுக்கையை, இப்போது அச்சம் விதித்தது.

என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவருக்கு இத்தகைய கருவி பொருத்தினர். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின், அவர் மாடி அறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேரக் குழந்தையைத் தூக்கவும் மறுத்தார். பயிற்சிக்கு அனுப்பியபோதும் அஞ்சியே போனார். அங்கே பயிற்சியாளர் அவருக்கு ஆறுதல் மொழி கூறவில்லை. ஒரு கணக்கைச் சொன்னார். "ஐயா, உங்கள் கருவி நிமிடத்துக்கு 180 துடிப்பைக் கடந்தால்தான் செயற்படும். இன்று நீங்கள் நடந்தபோது 110ஐத் தாண்டவில்லை" என்றார். வாழ்நாளெல்லாம் எண்களை நம்பிய அம்மனிதர்க்கு அந்த எழுபதின் இடைவெளி புரிந்தது. அச்சம் ஒருநாளில் போய்விடவில்லை. ஆனால் அன்று முதல் அதற்கு ஓர் எல்லை ஏற்பட்டது. கருவி செய்ய முடியாத ஒன்றை ஓர் ஆசிரியர் செய்தார் என்றே நான் எண்ணினேன்.

இதய மறுவாழ்வுப் பயிற்சி என்பது இதுதான். கிளீவ்லாந்து நகரில் ஹெர்மன் ஹெலர்ஸ்டைனும், அட்லாண்டா நகரில் நானெட் வெங்கர் அம்மையாரும், மாரடைப்பில் பிழைத்தோரைப் படிப்படியாக எழுப்பி நடத்தும் முறைகளை வகுத்தார்கள். அம்முறை கருவி பொருத்தியவர்களுக்கும் பொருந்துமா என்பதைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இதயம் தளர்ந்த 2,331 நோயாளரைக் கொண்டது. அவர்களுள் அதிர்ச்சிக் கருவி பொருத்தியவர் பலர். உரிய மேற்பார்வையோடு தொடங்கிய பயிற்சி அவர்களுக்குத் தீங்கு தரவில்லை என்பதும், வாழ்வின் நலம் உயர்ந்தது என்பதும் தெரிந்தன. டென்மார்க்கில் 196 பேரிடம் நடந்த ஆய்வில், உடற்பயிற்சியோடு செவிலியரின் உரையாடலும் சேர்க்கப்பட்டது. உடல்திறனும் மனநலமும் மேம்பட்டன. 2013ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. அதிர்ச்சிக் கருவியோடு விளையாட்டில் ஈடுபட்ட 372 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, விளையாடுகையில் சிலருக்கு அதிர்ச்சி வந்ததுண்டு. ஆனால் அதனால் ஒருவரும் இறக்கவில்லை. எல்லாரும் பந்தயத்துக்குப் போகலாம் என்பது இதன் பொருளன்று. அது மருத்துவர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியது. எல்லாரும் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை என்பதே பொருள்.

பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் கருவி எந்த வேகத்தில் செயற்படும்படி அமைக்கப்பட்டுள்ளது என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். நோயாளியை நடக்கச் செய்து சோதிக்கிறார்கள். பயிற்சியில் இதயத்துடிப்பு அந்த எல்லைக்கு 10 முதல் 20 வரை குறைவாகவே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மெதுவாகத் தொடங்கி, மெதுவாகவே முடிக்கிறார்கள், திடீரென நிறுத்துவதில்லை. சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோலால், தமக்கு எவ்வளவு சிரமம் தோன்றுகிறது என்று நோயாளர் தாமே மதிப்பிடக் கற்கின்றனர். நடக்கும்போது பேச முடிகிறதா என்பதும் ஓர் எளிய சோதனை. கருவி பொருத்திய பக்கத்துக் கையைச் சில வாரம் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. ஆனால் முற்றிலும் அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். ஒருமுறை அதிர்ச்சி வந்து உடனே உடல் நலமாயிருந்தால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்; அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றை நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் கற்பிக்கிறார்கள்.

வீட்டாருக்குக் கற்பிப்பது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நோயாளியின் அச்சத்தைவிட வீட்டாரின் அச்சம் பல வேளைகளில் பெரிது. "தாத்தா, நீங்கள் எழுந்திருக்காதீர்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று அன்போடு நாம் சொல்லும் சொல், அவரை மறுபடியும் அந்தப் பழைய படுக்கைக்கே அனுப்பக்கூடும். இப்பயிற்சியால் நன்மை உண்டு என்று தெளிந்த பின்னரும், உலகெங்கும் தகுதியுடையோருள் சிலரே இதற்கு அனுப்பப்படுகின்றனர். மூதாட்டியரும் முதியவரும் இன்னும் குறைவாகவே அனுப்பப்படுகின்றனர். கருவியை வாங்கிப் பொருத்திய குடும்பம், அதன்பின் செய்ய வேண்டியதைக் கேட்டறியாமலே வீடு திரும்பிவிடுகிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மார்பில் கருவி தாங்கிய பெரியவர் எவரேனும் இருந்தால், அவருக்கு இப்பயிற்சி கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்காவிடில், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, எவ்வளவு தூரம் நடக்கலாம், துடிப்பின் எல்லை எவ்வளவு என்று கேட்டு எழுதிவாருங்கள். அவர் நடக்கும்போது உடன் நடந்து செல்லுங்கள். இதயத்தைத் துடிக்கச் செய்யும் கருவியை அறிஞர் பலர் அரும்பாடுபட்டு ஆக்கித் தந்துள்ளனர். அக்கருவியைத் தாங்கியவர் துணிந்து தெருவில் நடப்பதற்கு உடன் வருவோரும் வேண்டும். அந்தப் பணியை உங்களாலும் செய்ய இயலும்.